மெதுவாக ஏறுகிற சார்ஜர்

அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் என்னைக் கலந்து பேசாமல் தானாகச் சில முடிவுகள் எடுத்திருக்கிறது. அங்கே நீயும், எனக்குத் தங்கையாகிவிட்ட உன் மனைவியும், பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கை போட்ட தோட்டத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். எத்தனை பெரிதாக்கிப் பார்த்தும் தக்காளி ஒன்றுதான் கண்ணில் பட்டது. ஆனால் நல்ல தக்காளி. அதைச் சொன்னேன் என்று அவளிடம் சொல்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசியதும் "சரி, வேற என்ன, வச்சிடவா?" என்று கேட்டுவிடுகிறேன் என்று நீயே எத்தனையோ தடவை குறைப்பட்டிருக்கிறாய். என்ன செய்வது, பிழைப்பு அப்படி. வேலை பார்த்த காலம் பூராவும் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக விசிலும் கையுமாக நின்றவன். கிளம்ப வேண்டிய வண்டி கிளம்பாமல் நின்றால் எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. ஓய்வு பெற்றபோது விசிலைத் திருப்பிக் கொடுத்தேனே தவிர பழக்கத்தைக் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டுக் கை துடைப்பதற்குள் "இப்பக் கிளம்பினா வெளிச்சத்தோட போய்ச் சேந்துடலாம்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். உன் மாமனாரை அப்படித்தான் ஒரு தடவை பாதி டீயோடு கிளப்பிவிட்டேன். அவர் அதற்கப்புறம் நம் வீட்டில் டீ குடித்ததே இல்லை. உன் அக்கா எனக்கு விசில் என்று பெயர் வைத்ததும் அதனால்தானே? "விசில் ஊதியாச்சு, எல்லாரும் வண்டியில ஏறுங்க" என்பாள். அந்தக் குரல் இப்போதும் சில சாயங்காலங்களில் சமையலறைப் பக்கமிருந்து கேட்கிற மாதிரி இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மருமகளுக்கு, அதான் என் பெண்ணுக்கு, நீ ஒரு போன் செய்ய வேண்டும். என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். நான் சொல்லித்தான் சொல்கிறாய் என்று மட்டும் அவளுக்குத் தெரியக் கூடாது. நேராக அவளிடமே சொன்னால் என்ன என்று நீ கேட்க மாட்டாய். நம் குடும்பத்தில் யார் எதை யாரிடம் நேராகச் சொல்லியிருக்கிறோம்?

அவள் எலெக்ட்ரிக் கார் வாங்கியது உனக்குத் தெரியும். முதல் தடவை அதில் அவள் வந்தபோது நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் எதிரில் கார் நிற்கிறது. எப்போது வந்தது, எப்படி வந்தது, ஒன்றும் தெரியாது. நம் பழைய சாம்பல் நிறக் காரை நினைத்துப் பார். தெருமுனையில் திரும்பும்போதே இருமிக்கொண்டு வரும், உன் அக்கா அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பாள். இது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. டீ போட அவகாசமே இல்லை. "ஒரு தடவ சார்ஜ் பண்ணா முந்நூறு கிலோமீட்டர் போகும்பா" என்று அவள் பெருமையாகச் சொன்னாள். அவள் ஊரிலிருந்து இங்கே ஒன்றரை மணி நேரப் பயணம். நல்ல வண்டிதான் என்றேன். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மணி நாலை நெருங்கும்போது "சார்ஜ் கம்மியா இருக்குப்பா, கொஞ்ச நேரம் போட்டுக்கறேன்" என்று சொல்லி, சமையலறை ஜன்னல் வழியாக வயரை உள்ளே இழுத்து, ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அங்கே செருகினாள்.

அந்த வீட்டு பிளக்கில் கார் எப்படி ஏறும் என்கிறாய்? சொட்டுச் சொட்டாகத்தான். ஃப்ரிட்ஜில் இருந்த ஐஸெல்லாம் உருகி ஓடித் தரையில் தேங்கியது, நான் துணி போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு வேறு வழியில்லை, உட்கார்ந்திருந்தாள். உன் அக்கா போன பிறகு அவள் வருவதெல்லாம் சனிக்கிழமை மதியம் வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்து, நாலு மணிக்குக் கிளம்புவதுதான். அந்தச் சனிக்கிழமை அவள் அம்மாவின் அலமாரியைத் திறந்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்து, இது எப்ப வாங்கினது, இது யார் கல்யாணத்துக்கு என்று கேட்டாள். எனக்குப் பாதி தெரியவில்லை, தெரியாததற்கெல்லாம் நானாக ஒரு கதை சொன்னேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கும், சிரித்துக்கொண்டே கேட்டாள். விளக்குப் போடும் நேரம் வரைக்கும் இருந்தாள் மாப்பிள்ளை. கிளம்பும்போது பார்த்தால் பிளக் சூடாகிக் கருகின வாசனை. "இது ஆபத்துப்பா. ஒழுங்கா ஒரு ஸ்மார்ட் சார்ஜர் இங்க மாட்டிடலாம். நீங்களே பாத்து எது நல்லதுன்னு தேர்ந்தெடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் வெகுநேரம் வாசலிலேயே நின்றேன். அப்போதுதான் எனக்கு நம் பழைய கார் ஞாபகம் வந்தது. அந்தக் கார் ஒரு நாளாவது போக வேண்டிய இடத்துக்கு ஒரே மூச்சில் போயிருக்கிறதா? கொஞ்சம் மேடு ஏறினால் போதும், ரேடியேட்டர் கொதித்துப் புகை விடும். உடனே ஓரம் கட்ட வேண்டும், சூடு தணிகிற வரைக்கும் மூடியைத் தொட முடியாது. நீ தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாய். பத்தடி தூரத்தில் குழாய் இருந்தாலும் நீ திரும்பி வர ஒரு யுகமாகும். உன் அக்கா டிக்கியிலிருந்து போர்வையை எடுத்து மரத்தடியில் விரித்து, பிளாஸ்க்கைத் திறப்பாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காரைச் சுற்றிச் சுற்றி வருவேன். "நீங்க முறைச்சா அது ஆறிடுமா? வந்து உக்காருங்க" என்பாள். உட்காருவேன்.

யோசித்துப் பார்த்தால் நம் வீட்டில் பேச வேண்டியதெல்லாம் அந்த மரத்தடிகளில்தான் பேசியிருக்கிறோம். ஓடுகிற காரில் யாரும் வாயைத் திறந்ததில்லை, ஜன்னல் காற்றில் ஒன்றும் காதில் விழாது. உன் ஆபீசில் ஒரு பெண் இருக்கிறாள், அவள் இல்லாமல் முடியாது என்று நீ சொன்னது எங்கே? அந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில், கேனைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. கார் ஒழுங்காக ஓடியிருந்தால் நீ சொல்லியே இருக்க மாட்டாய், உனக்குக் கல்யாணமும் ஆகியிருக்காது. இதைத் தங்கைக்குப் படித்துக் காட்டு. அவளுடைய வாழ்க்கையே ஒரு ஓட்டை ரேடியேட்டர் போட்ட பிச்சை என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா? உன் மருமகள் தான் பல் டாக்டர் ஆகப்போவதாக அறிவித்ததும் அப்படி ஒரு நிறுத்தத்தில்தான். காரின் முன்பக்கக் கம்பியில் ஒன்று உடைந்து விழுந்திருந்தது. "காருக்குப் பல்லு விழுந்துடுச்சு, நான் பெருசானதும் கட்டிவிடறேன்" என்றாள். நாமெல்லாம் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

உன் அக்கா தன் உடம்பைப் பற்றி எனக்கு முதன்முதலாகச் சொன்னதும் அங்கேதான், ஒரு புளியமரத்தடியில். இதை நான் உன்னிடம் சொன்னதில்லை. வீட்டில் வைத்துச் சொல்லியிருந்தால் நான் உடனே எழுந்து போன் எடுத்திருப்பேன், ஆட்டோ கூப்பிட்டிருப்பேன், நேரம் குறித்திருப்பேன். அங்கே எழுந்து போக இடமில்லை. கார் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டேன். அவள் போன பிறகு அந்தக் காரை விற்றேன், வைத்துப் பார்க்க முடியவில்லை. தண்ணீர்க் கேனை மட்டும் கொடுக்கவில்லை. கார் நின்ற கொட்டகைச் சுவரில் கொக்கியில் இன்னும் தொங்குகிறது.

சரி, அழுது வடிய இந்தக் கடிதம் எழுதவில்லை. மறுநாளே சார்ஜர் கடைக்குப் போனேன். அது பேருந்து நிலையத்துக்குப் பின்னால், முன்பு நம் சைக்கிள் ரிப்பேர் கடை இருந்த இடத்தில், கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே குளிரக் குளிர இருக்கிறது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு விற்பனையாளர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த பெட்டிகளைக் காட்டினார். எல்லாமே பார்க்கத் தபால் பெட்டிக்கு வால் முளைத்த மாதிரி இருந்தன.

"சார், இதுதான் எங்ககிட்ட டாப். ரெண்டு மணி நேரத்துல வண்டி ஃபுல் ஆகிடும்" என்றார்.

"அவ்வளவு சீக்கிரமாவா?"

"ஆமா சார்!" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "சாப்பிட்டுட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தா வண்டி ரெடி. கிளம்பிப் போய்க்கிட்டே இருக்கலாம்."

"இதைவிடக் கொஞ்சம் நிதானமா ஏறுறது இருக்கா தம்பி?"

அவர் அடுத்த பெட்டியைக் காட்டினார். அது நாலு மணி நேரமாம். இன்னும் நிதானமாக என்றேன். அதற்கடுத்தது ஏழெட்டு மணி நேரம். அதற்கும் கீழே ஏதாவது என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. வர்றவங்க எல்லாம் வேகமா ஏறுறதுதான் கேப்பாங்க. இருக்கறதுலயே மெதுவானது எதுன்னு என்கிட்ட கேட்ட ரெண்டாவது ஆள் நீங்க."

"அந்த மொத ஆள் புத்திசாலி" என்று சொல்லிவிட்டு மேலே விசாரித்தேன்.

ஸ்மார்ட் என்றால் என்ன என்று அவர் விளக்கினார். நான் புரிந்துகொண்ட வரைக்கும், பெட்டி போனோடு பேசும், போன் காரோடு பேசும், கார் பெட்டியோடு பேசும், மனுஷன் மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எப்போது ஏற வேண்டும் என்று நேரம் குறிக்கலாமாம். இதைக் கேட்டதும் எனக்குப் பழைய வேலை திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. அப்புறம் இன்னொன்று சொன்னார், அதுதான் என் குடியைக் கெடுத்தது. வீட்டில் வேறு பெரிய சாமான்கள் ஓடினால், மொத்த வீட்டுக்கும் பளு அதிகமாகாமல் இருக்க, சார்ஜர் தானாகவே அடங்கிக்கொண்டு மெதுவாக ஏற்றுமாம். "ஹீட்டர் போட்டா மெதுவாகுமா?" என்றேன். "ஆமா சார்." "அயர்ன் பாக்ஸ்?" "அதுவும்தான் சார்." "எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா?" "சார், எதுக்கு சார் எல்லாத்தையும் போடறீங்க?"

பக்கத்து வீட்டு ஆடிட்டரையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று போனேன், அவர் வீட்டில் போன வருஷமே மாட்டிவிட்டார்கள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய சார்ஜர் முந்தின நாள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டதாம், நிபந்தனைகளுக்குச் சம்மதம் என்று அவர் மனைவி போனில் அழுத்தினால்தான் மேற்கொண்டு வேலை செய்யுமாம், மனைவி வெளியூரில் இருக்கிறாராம், இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லையாம். "பஸ் எத்தன மணிக்கு சார்?" என்று என்னைக் கேட்டார். வெகு நாளைக்குப் பிறகு ஒரு மனிதன் என்னிடம் அதைக் கேட்டான். சொன்னேன். நேரத்துக்கு வந்தது.

என்னால் முடிவுக்கு வர முடியவில்லை என்பதைப் பார்த்த விற்பனையாளர், என்னிடமிருந்து தப்பிக்கவோ என்னவோ, "டெமோ பீஸ் ஒண்ணு ஒரு வாரம் மாட்டித் தர்றோம் சார், பழகிப் பாத்துச் சொல்லுங்க" என்றார். டாப் மாடல்தான் டெமோவுக்கு இருந்ததாம். மாட்ட வந்தவர் கொட்டகைச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, கேன் தொங்குகிற கொக்கியைப் பிடுங்கினால்தான் வசதி என்றார். அதைத் தொட்டால் சார்ஜரே வேண்டாம் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு முழம் மேலே மாட்டினார். ஆக, மேலே இந்தக் காலத்துப் பெட்டி, கீழே நம் காலத்துக் கேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை வந்தாள். காரைச் செருகினாள். போனைப் பார்த்து "அட, ரெண்டு மணிக்கெல்லாம் முடிஞ்சிடும்பா" என்றாள். அப்போதே மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. சாப்பாடு போட்டுவிட்டு நைசாகக் குளியலறைக்குப் போய் ஹீட்டரைப் போட்டேன். போட்டுவிட்டு வெறுமனே வர முடியாதே, குளித்தேன். வெளியே வந்ததும் வாஷிங் மெஷினை ஓடவிட்டேன். துவைக்கத் துணி இல்லை, குளித்த துண்டு ஒன்றைப் போட்டேன். அயர்ன் பாக்ஸை எடுத்து சட்டை, வேட்டி, கைக்குட்டை எல்லாம் முடிந்து, தலையணை உறை முடிந்து, கால்மிதிக்கு வந்திருந்தேன். அவள் கையில் தட்டோடு வந்து நின்றாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"கால்மிதி கசங்கியிருக்கும்மா."

"சார்ஜ் ரொம்ப மெதுவா ஏறுதுப்பா. வீட்ல ஏதோ பயங்கரமா கரண்ட் இழுக்குதுன்னு போன்ல காட்டுது."

"பழைய வீடு பாரு" என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் ஹீட்டரை மறுபடி போட்டு இரண்டாவது குளியல் ஆரம்பித்தேன். அங்கேதான் நான் பேராசைப்பட்டேன் மாப்பிள்ளை. உன் அக்காவின் ஹேர் டிரையர் அலமாரியில் இருந்தது, குளித்துவிட்டு வந்து அதையும் போட்டேன். என் தலையில் அதற்கு என்ன வேலை என்று உனக்கே தெரியும். டப் என்று ஒரு சத்தம். வீடு முழுக்க நின்றது. ஃபேன் நின்றது, ஃப்ரிட்ஜ் நின்றது, சார்ஜரில் சிவப்பு விளக்கு, வாஷிங் மெஷின் என் ஒரே துண்டை வாய்க்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்றது. நான் ஈரத் தலையும் கையில் டிரையருமாக நடுக்கூடத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. "உங்களுக்கு எதுக்குப்பா இவ்வளவு கஷ்டம்? நான் வர்ற வழியில ஹைவேல பெரிய சார்ஜர் இருக்கு, அரை மணி நேரத்துல ஏறிடும். இனிமே அங்கயே போட்டுக்கறேன். இந்த டெமோவ எடுத்துட்டுப் போகச் சொல்லிடறேன்" என்றாள்.

அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? கஷ்டமெல்லாம் ஒன்றும் இல்லை, நீ இரு என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. வாய் திறந்தது. "அதுவும் சரிதான். இப்பக் கிளம்பினா வெளிச்சத்தோட போயிடலாம்" என்றது.

கிளம்பிவிட்டாள். போகும்போதும் அந்தக் கார் சத்தமே போடவில்லை. பழைய கார் என்றால் தெருமுனை தாண்டுகிற வரைக்குமாவது காதில் கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே வந்து, தேய்த்து மடித்து வைத்திருந்த கால்மிதியைப் பார்த்தேன். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. உன் மருமகள் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை, இதை உன்னிடம் சொல்வதற்கு எனக்கு வெட்கம் இல்லை. அவளிடம் சொல்லத்தான் வரவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. அவளுக்கு போன் செய்து, சும்மா விசாரிக்கிற மாதிரி ஆரம்பித்து, வழியிலிருக்கிற அந்த அவசர சார்ஜரில் அடிக்கடி போட்டால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும், வீட்டில் வைத்து மெதுவாக ஏற்றுவதுதான் வண்டிக்கு நல்லது என்று சொல். இது பொய் இல்லை, அந்த விற்பனையாளரே லேசாகச் சொன்னார். நீ கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி சொல், அவ்வளவுதான். "அப்பா வீட்ல இருக்கறதுலயே மெதுவான சார்ஜர் ஒண்ணு மாட்டச் சொல்லும்மா" என்று முடி. நீ சொன்னால் கேட்பாள். இரும்புப் பாலத்தடியில் உனக்காக உன் அக்காவிடம் முதலில் பரிந்து பேசியது யார் என்று ஞாபகம் வைத்துக்கொண்டு டயல் செய். முந்திக்கொண்டு உளறிவிடாதே.

தங்கைக்கு என் அன்பு. பெரியவனைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கச் சொல். சின்னவளை என் சார்பில் தலையில் ஒரு தட்டுத் தட்டு, வலிக்காமல். எல்லோரும் நோய் நொடி இல்லாமல், மனம் நிறைய, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று உன் அக்காவின் படத்துக்கு எதிரில் உட்கார்ந்து வாழ்த்துகிறேன். தக்காளிச் செடிக்கும் அதே.

என்றும் உன் நலம் நாடும்
அத்தான் (விசில்)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்யாதே. போனைக் கீழே வை.

கையெழுத்துப் போட்டுவிட்டு ஸ்டாம்ப் தேடி மேஜையைக் குடைந்துகொண்டிருந்தேன். திரும்பினால் வாசலில் உன் மருமகள். இன்று சனிக்கிழமைகூட இல்லை. கார் வந்த சத்தம் வழக்கம்போல் கேட்கவில்லை. டெமோவை எடுத்துப் போகச் சொல்வதற்காகக் கடைக்குப் போனாளாம். அந்த விற்பனையாளர், "அட, உங்க அப்பாவா அவர்? நீங்க ரெண்டு பேருமே இருக்கறதுலயே மெதுவானதுதானே கேட்டீங்க, அப்புறம் என்ன குழப்பம்?" என்றாராம். என் வாயால் புத்திசாலி என்று பாராட்டினேனே ஒரு ஆளை, அது இவள்தான்.

எதிரில் நாற்காலியைப் போட்டு, பல் பார்க்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தாள். "வாயத் திறங்கப்பா. மெதுவா ஏறுறது எதுக்குக் கேட்டீங்க?"

"நீ எதுக்குக் கேட்ட?"

அவள் கார் சாவியைத் திருகினாள், நான் மறுபடி ஸ்டாம்ப் தேடினேன். நம் குடும்பம்தானே. பேச்சை மாற்றலாம் என்று, வண்டியில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன்.

"இருக்குப்பா. எங்க பில்டிங்லயே சார்ஜர் இருக்கு. எப்பவும் ஃபுல் பண்ணிட்டுத்தான் வருவேன்."

எனக்கு உறைக்கச் சற்று நேரம் ஆனது. முந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, ஒன்றரை மணி நேர வழி. ஊரில் ஓடிய அத்தனை பேருந்துக்கும் தூரமும் நேரமும் வாய்ப்பாடாக ஒப்பித்தவன், இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. "அப்ப அன்னிக்கு ஃப்ரிட்ஜப் பிடுங்கினது?" என்றேன்.

"மணி நாலாகப்போகுதேன்னு பிடுங்கினேன். நீங்க விசில் ஊதிடுவீங்களேப்பா. சும்மா இருக்கேன்னு சொன்னா கிளப்பி விட்டுடுவீங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

மாட்டுகிறவர் சாயங்காலத்துக்கு முன் வந்து டெமோவைக் கழற்றி, மெதுவான பெட்டியை மாட்டினார். கொக்கியைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார், "அது அங்கயேதான் இருக்கும்" என்று இவள் ஒரே போடாகப் போட்டாள். கடைசியில் போனில் சார்ஜருக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. என்னைக் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை, ரேடியேட்டர் என்று அடித்தாள்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். தங்கைக்குப் பாலத்தடிக் கதை தெரிய வேண்டும் என்பதற்காக அனுப்புகிறேன். கார் கொட்டகையில் நிற்கிறது. திரும்பிப் போகத் தேவையானது வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் வயரைச் செருகவே இல்லை, பெட்டியில் பச்சை விளக்கு சும்மா எரிகிறது. உன் மருமகள் உள்ளே அம்மாவின் அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்த நீலப் புடவை எப்ப வாங்கினது என்று குரல் கொடுக்கிறாள். மணி நாலரை. இப்போது கிளம்பினால்தான் வெளிச்சத்தோடு போய்ச் சேர முடியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.